இந்த கீபோர்டு எந்த ஊர்ச் சரக்கு?

மின்னணு இசைக்கருவிகள் எங்கே தயாராகின்றன, ஒரு காலத்தில் பெயர்பெற்றிருந்த ஆலைகள் ஏன் மூடிக்கிடக்கின்றன என்று கேட்டு நிறையக் கடிதங்கள் வந்துள்ளன. ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துப் பதில் தருகிறோம்.

கேள்வி: பெயர்போன ஜப்பான் கம்பெனியின் கீபோர்டு வாங்கினேன். கவிழ்த்துப் பார்த்தால் 'மேட் இன் இந்தோனேசியா' என்று போட்டிருக்கிறது. ஏமாந்துவிட்டேனா?

பதில்: இல்லை. யமஹாவின் தலைமையகம் ஜப்பானின் ஹமாமட்சு நகரில் இருந்தாலும் அதன் கீபோர்டுகள் பெரும்பாலும் இந்தோனேசியாவிலும் சீனாவிலும்தான் தயாராகின்றன. 2019-ல் சென்னை அருகிலும் ஓர் ஆலையைத் தொடங்கினார்கள். சிறிய ரக கீபோர்டுகள் அங்கிருந்து வருகின்றன. ரோலண்டுக்கு மலேசியாவில் ஆலை. கவாய்க்கு இந்தோனேசியா, கேசியோவுக்குச் சீனா. விலை அதிகமாகவும் எண்ணிக்கை குறைவாகவும் உள்ள மாடல்கள் சிலவற்றை மட்டும் ஜப்பானிலேயே வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

போலியா இல்லையா என்று கண்டுபிடிக்க ஊர்ப்பெயர் உதவாது. அட்டைப்பெட்டியில் உள்ள சீரியல் எண்ணும் கருவியின் அடித்தகட்டில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று பாருங்கள். அந்த எண்ணைக் கம்பெனியின் சர்வீஸ் மையத்தில் கொடுத்துக் கேளுங்கள். அடாப்டரில் அச்சிட்டுள்ள வோல்ட்டும், நடு முனை பிளஸ்ஸா மைனஸா என்று காட்டும் குறியும் கருவியின் பின்புறத்தில் உள்ளதோடு பொருந்த வேண்டும்.

'மேட் இன்' என்று எழுதியிருக்கும் அந்த ஒரு வாசகத்துக்கு நாம் கொடுக்கும் மரியாதை கொஞ்சம் அதிகம்தான். பொதுவாக, ஒரு பொருள் கடைசியாகக் குறிப்பிடத்தக்க மாற்றம் பெற்று உருவான இடத்தைத்தான் அது சொல்கிறது. கருவிக்குள் இருக்கும் கீகள் இத்தாலியிலிருந்தும், சிப் தைவானிலிருந்தும், போர்டு சீனாவிலிருந்தும் வந்திருக்கலாம். அமெரிக்காவில் மட்டும் விதி கடுமை. வேறு எந்த விளக்கமும் சேர்க்காமல் 'மேட் இன் யுஎஸ்ஏ' என்று போட வேண்டுமானால், ஏறக்குறைய எல்லாமே அந்த நாட்டுப் பொருளாக இருக்க வேண்டும் என்பது அந்நாட்டு வர்த்தக ஆணையத்தின் விதி. மின்னணுக் கருவியில் அது கிட்டத்தட்ட முடியாத காரியம். அதனால்தான் 'உள்நாட்டு, வெளிநாட்டு உதிரி பாகங்களைக் கொண்டு அமெரிக்காவில் பூட்டப்பட்டது' என்று சுற்றி வளைத்து எழுதுகிறார்கள்.

கேள்வி: மின்சுற்றால் ஒலியை உண்டாக்கும் சிந்தசைசரை உலகத்துக்கு அறிமுகப்படுத்தியதே அமெரிக்கக் கம்பெனிகள்தான். அவை எல்லாம் எப்படி இவ்வளவு சீக்கிரம் காணாமல் போயின? ஜப்பானின் மலிவான கூலிதான் காரணமா?

பதில்: கூலி என்பது பாதி விடைகூட இல்லை. 1983-ல் ஜப்பான் ஒன்றும் கூலி மலிந்த நாடு அல்ல. விடை கருவிக்குள்ளேயே இருக்கிறது.

1970-ல் அமெரிக்காவின் மூக் கம்பெனி கொண்டுவந்த மினிமூக் சிந்தசைசரை எடுத்துக்கொள்வோம். அதில் சுருதியை உண்டாக்கும் மின்சுற்றுகளான ஆஸிலேட்டர்கள் மூன்று. ஒரு வோல்ட் ஏறினால் சுருதி சரியாக ஒரு ஸ்தாயி ஏற வேண்டும். அதாவது அரைச்சுரத்துக்கு 83.3 மில்லிவோல்ட். டிரான்சிஸ்டர் சூடேறினால் இந்தக் கணக்கு நழுவிவிடும். எனவே கருவியை அரைமணி நேரம் ஓடவிட்டுச் சூடேற்றிய பிறகே சுருதி சேர்க்க முடியும். கீழ் ஸ்தாயியில் ஒரு சுரத்தை அளவுச் சுருதியோடு சேர்க்க வேண்டும். இரண்டு மூன்று ஸ்தாயி மேலே போய் அதே சுரம் எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்த்து, டிரிம்மர் என்ற சின்னத் திருகைத் திருப்ப வேண்டும். மேலே சரியானதும் கீழே நகர்ந்திருக்கும். மறுபடி கீழே, மறுபடி மேலே. இப்படிச் சில சுற்று முடிந்தால்தான் ஒரு ஆஸிலேட்டர் படியும், பிறகு அடுத்தது. இதற்குக் காதும் கையும் பழகிய ஆள் வேண்டும். மரப்பெட்டி செய்வதும் கையால் ஒயர் கட்டுவதும் தனி வேலை. பதினொரு ஆண்டுகளில் செய்தது மொத்தம் 12,000 கருவிகள் அளவுக்குத்தான்.

1978-ல் சான் ஹோசேயின் சீக்வென்ஷியல் கம்பெனி கொண்டுவந்த ப்ரொஃபெட்-5-ல் ஒரே நேரத்தில் ஐந்து சுரம் வாசிக்கலாம். ஆனால் சுரத்துக்கு இரண்டு வீதம் பத்து ஆஸிலேட்டர்கள். உள்ளே ஒரு மைக்ரோபிராசசர் உட்கார்ந்து சுருதியைத் தானே திருத்தினாலும் ஆலையில் ஆள் கைபட வேண்டிய டிரிம்மர்கள் ஏராளம்.

1983-ல் யமஹாவின் டிஎக்ஸ்7 வந்தது. பதினாறு சுரம். ஒலியை உண்டாக்குபவை யமஹாவே தயாரித்த இரண்டு சிப்கள். எல்லாம் எண்கணிதம் என்பதால் சூடேறினாலும் சுருதி நகராது, சேர்க்க வேண்டிய டிரிம்மரும் கிடையாது. போர்டைச் சொருகி, திருகுகளை முடுக்கி, சோதித்துப் பெட்டியில் போட வேண்டியதுதான். அமெரிக்காவில் விலை 1,995 டாலர். ப்ரொஃபெட்-5-க்குக் கேட்டதில் ஏறக்குறைய பாதி. சுருதி சேர்க்கும் ஆளின் திறமை சிப்புக்குள் போய்விட்டது. சிப் ஆலை யாரிடம் இருந்ததோ அவரிடம் தொழிலும் போனது.

இதில் வருத்தப்படவேண்டிய பகுதி ஒன்று உண்டு. அந்தச் சிப்பில் இருந்த, ஒரு அலையால் இன்னோர் அலையின் அதிர்வெண்ணை ஆட்டி ஒலி உண்டாக்கும் எஃப்எம் முறையைக் கண்டுபிடித்தவர் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் சௌனிங். ஹேமண்ட் உள்ளிட்ட அமெரிக்க ஆர்கன் கம்பெனிகளிடம்தான் முதலில் கொண்டுபோனார்கள். அவர்களுக்கு அது பிடிபடவில்லை. உரிமம் யமஹாவுக்குப் போனது.

பிறகு அமெரிக்கக் கம்பெனிகள் வரிசையாகச் சரிந்தன. ஏஆர்பி 1981-லேயே திவால். கிதாரோடு இணைக்கும் 'அவதார்' என்ற சிந்தசைசரில் பெரும் பணத்தைக் கொட்டி விற்க முடியாமல் போனது அதற்கு முக்கியக் காரணம் என்பதால் அந்தப் பழியை ஜப்பான் மேல் போட முடியாது. மூக் 1987-ல் நின்றது. அதே ஆண்டில் சீக்வென்ஷியலை யமஹா வாங்கியது. கர்ஸ்வைல் 1990-ல் கொரியாவின் யங் சாங் கைக்குப் போனது. ஈமு 1993-லும் என்சோனிக் 1998-லும் சிங்கப்பூரின் கிரியேட்டிவ் கம்பெனிக்குப் போயின.

கேள்வி: அப்படியானால் ஜப்பானில் இருந்த உற்பத்தி ஏன் அங்கேயே நிற்கவில்லை?

பதில்: நாணய மதிப்பு. 1985 செப்டம்பரில் நியூயார்க்கின் பிளாசா ஓட்டலில் டாலரின் மதிப்பைக் குறைக்க ஐந்து நாடுகள் செய்துகொண்ட ஒப்பந்தத்துக்கு முன் ஒரு டாலருக்குச் சுமார் 240 யென். 1987 தொடக்கத்தில் சுமார் 150. ஆயிரம் டாலருக்கு ஏற்றுமதியாகும் கருவிக்கு 2,40,000 யென் வந்துகொண்டிருந்த இடத்தில் 1,50,000 யென்தான் வரும். சம்பளமும் வாடகையும் யென்னில்தான் கொடுத்தாக வேண்டும். வெளிநாட்டில் விலையை ஏற்றினால் சரக்கு தேங்கும். 1995-ல் டாலர் 80 யென் வரைக்கும் இறங்கியபோது, விலை குறைந்த மாடல்களை ஜப்பானில் செய்வதற்குக் கணக்கே ஒத்துவரவில்லை.

முதலில் வெளியேறியது எது என்று கவனித்தால் காரணம் இன்னும் தெளியும். பிளாஸ்டிக் உடல், சிறிய கீகள், ஒரே ஒரு போர்டு கொண்ட வீட்டு கீபோர்டுகள்தான். அவற்றில் சிப்பை விட்டால் மிச்சச் செலவு பிளாஸ்டிக் வார்ப்பும் கைவேலையும்தான். இன்று சீனாவின் மெடெலி போன்ற கம்பெனிகள் முழுக் கருவியையும் செய்து, யார் பெயர் வேண்டுமோ அந்தப் பெயரை ஒட்டித் தருகின்றன. வேறு வேறு பெயர் தாங்கிய இரண்டு மலிவு கீபோர்டுகளின் பொத்தான் வரிசையும் ஒலிப் பட்டியலும் ஒன்றாகவே இருந்தால் வியப்படைய வேண்டாம்.

கேள்வி: இத்தாலியிலும் நிறையக் கம்பெனிகள் இருந்தனவாமே? எதுவாவது மிஞ்சியிருக்கிறதா?

பதில்: இருந்தன. ஆங்கோனா நகரைச் சுற்றியுள்ள காஸ்தல்ஃபிடார்டோ வட்டாரம் அக்கார்டியன் செய்வதற்குப் பெயர்போனது. ஃபார்ஃபிசா என்ற பெயரே 1946-ல் மூன்று அக்கார்டியன் கம்பெனிகள் ஒன்றுசேர்ந்ததில் பிறந்தது. அக்கார்டியனுக்கு மவுசு குறைந்தபோது அதே ஆலைகள், அதே ஆட்களோடு, டிரான்சிஸ்டர் ஆர்கனுக்கு மாறின. எல்கா, க்ரூமார், சியேல் எல்லாம் அந்த வட்டாரத்துப் பெயர்கள்தான். சியேலை 1980களின் பிற்பகுதியில் ரோலண்ட் வாங்கி ஐரோப்பிய ஆலையாக நடத்தியது. 2013-ல் அதுவும் மூடப்பட்டது.

மிஞ்சியவற்றில் முக்கியமானது முழுக் கருவிக்குப் பெயர்போன கம்பெனி அல்ல. ரெகனாட்டியில் இருக்கும் ஃபாட்டார் முக்கியமாகக் கீகளைச் செய்து மற்றவர்களுக்கு விற்கிறது. சுத்தியல் கனம் கொண்ட டிபி/40, இலகுவான டிபி/9 போன்ற அதன் கீ வரிசைகள் பல நாட்டுக் கருவிகளுக்குள் இருக்கின்றன. அமெரிக்கப் பெயர், ஸ்வீடன் பெயர், ஜெர்மனிப் பெயர் என்று மேலே எதைப் போட்டிருந்தாலும் விரல் படுவது பல சமயம் இத்தாலிய வேலைப்பாட்டின் மேல்தான்.

கேள்வி: 'மேட் இன் ஜப்பான்' என்றால் நீடித்து உழைக்கும், சீனச் சரக்கு சீக்கிரம் போய்விடும் என்கிறார்களே?

பதில்: பழைய கருவி வாங்குவோரைக் கவிழ்க்கும் நம்பிக்கை இது. கீழே உள்ள மூன்றும் அசல் ஜப்பான் தயாரிப்புகள்.

ரோலண்ட் ஜூனோ-106, 1984-ல் வந்தது. ஒவ்வொரு சுரத்துக்கும் ஒன்றாக ஆறு 80017ஏ பாகங்கள். அவற்றின் மேல் பூசிய கறுப்புப் பிசின் ஆண்டுகள் போகப்போக மின்சாரத்தைக் கசியவிடுகிறது. அறிகுறி: ஆறு முறை ஒரே கீயைத் தட்டினால் ஒரு முறை மட்டும் ஒலி வராது, அல்லது கீயை விட்ட பிறகும் 'சர்ர்' என்று கரகரக்கும். பாகத்தைக் கழற்றி அசிட்டோனில் இரண்டு மூன்று நாள் ஊறவைத்து, இளகிய பிசினை மெதுவாக உரித்தெடுத்துத் திரும்ப வைத்தால் பல சமயம் உயிர் வருகிறது. கத்தி வைத்துச் சுரண்டினால் அடியில் உள்ள சின்னஞ்சிறு பாகங்கள் பெயர்ந்துவிடும். அவசரம் கூடாது.

ரோலண்ட் ஜேடி-800, 1991. கீகளுக்கு அடியில் எடைக்கட்டி ஒட்டப் பயன்படுத்திய சிவப்புப் பசை இளகி, ஜாமைப் போலக் கீழே வடியும். வடிந்த பசை கீகளைச் சிக்கவைக்கும், எடைக்கட்டி கழன்று உள்ளே உருளும், தொடர்புப் பலகையில் படிந்தால் அதையும் கெடுக்கும். கீகளை எல்லாம் கழற்றி, காஸ்டிக் சோடா கரைசலில் ஒரு நாள் ஊறப்போட்டுப் பசையைக் கரைத்து, கழுவிக் காயவைத்து, இரண்டு குழாயில் வரும் எப்பாக்சியால் எடைகளைத் திரும்ப ஒட்ட வேண்டும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். எப்போதும் தண்ணீரில் சோடாவைப் போடுங்கள். சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும்.

கோர்க் பாலிசிக்ஸ், 1981. உள்ளே கேஎல்எம்-367 என்ற போர்டில் பற்றவைத்த நிக்கல் காட்மியம் பேட்டரி கசிந்து, செம்புக் கோடுகளை அரித்துத் தின்றுவிடும். வாங்குமுன் மூடியைத் திறந்து அந்த இடத்தில் பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். லித்தியம் பேட்டரி மாற்றுவதானால் சார்ஜ் ஆகாமல் தடுக்க ஒரு டயோடு போட மறக்க வேண்டாம். அந்தச் சர்க்யூட் பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றும்படி செய்யப்பட்டது; லித்தியம் அதைத் தாங்காது.

எந்த நாட்டுக் கருவிக்கும் பொதுவான கோளாறு ஒன்று: திடீரென்று ஒரு கீ மட்டும் மெல்லத் தட்டினாலும் முழு வேகத்தில் அலறும். கீயின் அடியில் இரண்டு தொடர்புகள் உண்டு. ஒன்று பட்டு மற்றது படும் வரை ஆகும் நேரத்தை வைத்துத்தான் கருவி அழுத்தத்தைக் கணிக்கிறது. முதல் தொடர்பில் தூசி படிந்தால் நேரம் தெரியாது. ரப்பர் பட்டையைத் தூக்கி, பலகையில் உள்ள கறுப்புப் பரப்பையும் ரப்பருக்குள் இருக்கும் கறுப்புப் பொட்டையும் 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட நூல் உதிராத துணியால் துடையுங்கள். உப்புத்தாளோ எண்ணெய் ஸ்பிரேயோ வேண்டவே வேண்டாம். கறுப்புப் பூச்சு போய்விட்டால் பலகையையே மாற்ற வேண்டிவரும். பட்டையைத் திரும்ப வைக்கும்போது ஒவ்வொரு முளையும் துளைக்குள் முழுதாக இறங்கியதா என்று பாருங்கள். பாதி இறங்கிய பட்டைக்கு அருகில் உள்ள கீ, ஒரு தட்டுக்கு இரண்டு முறை ஒலிக்கும்.

கேள்வி: இறக்குமதிக்கு வரி போட்டோ தடை போட்டோ உள்நாட்டுத் தயாரிப்பைக் காப்பாற்ற முடியாதா?

பதில்: இரண்டுக்கும் முன்மாதிரி உண்டு.

சோவியத் யூனியனில் மேற்கத்தியக் கருவிகள் சாதாரணமாகக் கிடைக்கவில்லை. யூரல் மலைப் பகுதியின் கச்கனாரில் இருந்த ஃபார்மந்தா ஆலை 1982 முதல் 1990 வரை பாலிவோக்ஸ் என்ற சிந்தசைசரைச் செய்தது. வடிவமைத்தவர் விளாதிமிர் குஸ்மின். உள்ளூர்ப் பாகங்களை வைத்தே எல்லாவற்றையும் செய்தாக வேண்டிய நெருக்கடியில், ஒலியின் சில அதிர்வெண்களை வடிகட்டும் ஃபில்டரில் அவர் ஒரு வித்தை செய்தார்: வழக்கமாக அங்கே இருக்க வேண்டிய கெப்பாசிட்டர்களே இல்லை. மின்னலையைப் பெருக்கும் ஆப்-ஆம்ப் சிப்புக்குள் இயல்பாக இருக்கும் தாமதத்தையே பயன்படுத்திக்கொண்டார். கிழிந்த குரல் போன்ற அந்த ஒலிக்கு இன்றும் ரசிகர்கள் உண்டு. தடைச் சுவர் இருந்தவரை ஆலை ஓடியது. சோவியத் அமைப்பு சரியத் தொடங்கியதும் உற்பத்தி நின்றது. கிழக்கு ஜெர்மனியின் கிளிங்கன்டாலில் வெர்மோனா கருவிகளைச் செய்த அரசு ஆலைக்கும் 1990-க்குப் பிறகு இதே கதி.

வரி விஷயம் இன்னும் சிக்கலானது. 2018-ல் அமெரிக்க அரசு சீனப் பொருட்களுக்கு 25 சதவீத வரி அறிவித்தபோது, 2002-ல் புத்துயிர் பெற்று அமெரிக்காவிலேயே கருவி பூட்டிக்கொண்டிருந்த மூக் கம்பெனி, 'இந்த வரி எங்களை வெளிநாட்டுக்குத் துரத்திவிடும்' என்று வாடிக்கையாளர்களுக்குக் கடிதம் எழுதியது. விசித்திரமாகத் தோன்றலாம். வரி விழுந்தது சர்க்யூட் போர்டுகள், உதிரி பாகங்கள் மேல். பாகத்தை இறக்கி உள்நாட்டில் பூட்டுகிறவருக்கு அடி. அந்தப் பாகங்களை உள்நாட்டில் வாங்கலாம் என்றால் விற்பதற்கு ஆளில்லை. முழுக் கருவி செய்யும் ஆலைகள் போனபோது குமிழ் செய்தவர், போர்டு அச்சடித்தவர், டிரான்ஸ்ஃபார்மர் சுற்றியவர் எல்லோரும் கூடவே போய்விட்டார்கள். எங்கள் கருத்தில் உள்நாட்டுத் தொழிலுக்கு நேர்ந்த பெரிய இழப்பு இதுதான்.

கேள்வி: பழைய பெயர்கள் திரும்ப வருகின்றனவே. பழைய ஊருக்கே திரும்புகின்றன என்று அர்த்தமா?

பதில்: பெயர் வேறு, ஆலை வேறு. ஹேமண்ட் சிகாகோவில் பிறந்தது. பெயர் இப்போது ஜப்பானின் சுசுகியிடம். அகாய் ப்ரொஃபெஷனல் ஜப்பானிலிருந்து அமெரிக்காவின் இன்மியூசிக் குழுமத்துக்கு வந்துவிட்டது. 2002-ல் அமெரிக்காவின் ஆஷ்வில் நகரில் புத்துயிர் பெற்ற மூக்கையும் 2023 ஜூனில் அதே இன்மியூசிக் வாங்கியது; சில மாதங்களில் ஆஷ்வில்லில் ஆட்குறைப்பு நடந்தது.

கேள்வி: சொந்தமாக வடிவமைத்த சிறிய சிந்தசைசர் ஒன்றை 100 எண்ணிக்கையில் உள்நாட்டிலேயே செய்ய நினைக்கிறேன். நடக்குமா? எங்கே கவனமாக இருக்க வேண்டும்?

பதில்: நடக்கும். ஸ்டாக்ஹோமில் நோர்ட், ஜெர்மனியில் டோப்ஃபர், லாட்வியாவின் ரிகாவில் எரிகா சிந்த்ஸ், போலந்தின் ஓல்ஷ்டினில் பாலிஎண்ட் எல்லாம் சொந்த நாட்டில் வைத்துத்தான் செய்கின்றன. பாகங்களை எடுத்து வைக்கும் இயந்திரம் சிறிய ஆலைகளுக்கும் எட்டும் விலைக்கு வந்துவிட்டது. இயந்திரத்துக்குக் கூலி வித்தியாசம் தெரியாது.

சின்னப் பாகங்களை வைக்கும் வேலையை வெளியே கொடுங்கள். குமிழ், ஜாக், பெட்டி, சோதனை மட்டும் உங்களிடம் இருக்கட்டும். போர்டு 110 அச்சடியுங்கள். ரெசிஸ்டர், கெப்பாசிட்டர் போன்றவற்றை முழுச் சுருளாகவே வாங்குவது நல்லது. நறுக்கிய துண்டு நாடாவில் வாங்கினால், இயந்திரம் பிடித்து இழுக்க முன்னால் வெற்று நாடா இருக்காது. முதல் பாகங்கள் வீணாகும். விலை குறைந்த பாகத்தில் குறைந்தது 50 கூடுதலாகவும் விலை கூடிய சிப்பில் இரண்டு மூன்று கூடுதலாகவும் கொடுங்கள். நூறையும் ஒரே மூச்சில் ஓட்டாதீர்கள். ஐந்து போர்டு முதலில். அவற்றை ஒரு வாரம் ஓடவிட்டுப் பார்த்த பிறகு மிச்சம்.

ஆலைக்காரர் 'இந்த கெப்பாசிட்டர் இல்லை, அதே மதிப்பில் வேறு போடட்டுமா' என்று கேட்பார். ஃபில்டரிலும் ஆஸிலேட்டரிலும் ஒப்புக்கொள்ள வேண்டாம். அங்கே மதிப்பு மாறாத சி0ஜி ரகம் வேண்டும். எக்ஸ்7ஆர் ரகத்தில் மதிப்பு வெப்பத்துக்கும் வோல்ட்டுக்கும் ஏற்ப மாறும். போர்டை விரலால் தட்டினால் ஸ்பீக்கரில் 'டக்' என்று கேட்கும் அளவுக்கு அதிர்வையும் பிடிக்கும். மின்சப்ளையில் எக்ஸ்7ஆர் தாராளமாக இருக்கலாம்.

முதல் முறை செய்பவர்களில் பலர் தவறும் இடம் குமிழ்கள். குமிழுக்கு அடியில் இருந்து அதன் திருப்பத்தை உணரும் பொட்டென்ஷியோமீட்டரைப் போர்டில் பற்றவைத்துவிட்டு, பிறகு முகப்புத் தகட்டைப் பொருத்தினால் ஒன்றுகூடத் துளைக்கு நேராக நிற்காது. நட்டை முடுக்கித் தகட்டோடு இழுத்தால் நேராகும். ஆனால் அந்த இழுவிசை முழுவதும் ஈயப்பற்றில் போய் உட்காரும். சில மாதத்தில் பற்று விரிசல் விட்டு, குமிழைத் தொட்டாலே ஒலி விட்டுவிட்டு வரும். சரியான வரிசை: பொட்டென்ஷியோமீட்டர்களைப் போர்டில் சொருகுங்கள், பற்றவைக்காதீர்கள். தகட்டை மேலே வைத்து எல்லா நட்டையும் முடுக்குங்கள். போர்டு தகட்டுக்கு இணையாக நிற்கிறதா என்று பக்கவாட்டில் பார்த்துவிட்டு, கடைசியில் ஈயம்.

பெட்டிக்குப் பிளாஸ்டிக் வார்ப்பைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். வார்ப்பு அச்சின் செலவு நூறுக்கும் பத்தாயிரத்துக்கும் ஒன்றுதான். மடித்த உலோகத் தகடு போதும். பவுடர் கோட்டிங் 60 முதல் 100 மைக்ரான் வரை ஏறும். பொட்டென்ஷியோமீட்டரின் 7 மில்லிமீட்டர் கழுத்துக்குச் சரியாக 7 மில்லிமீட்டர் துளை போட்டால் பூச்சுக்குப் பின் நுழையாது. 7.4 வையுங்கள். பூச்சு மின்சாரத்தைக் கடத்தாது என்பதால், எர்த் தொடும் இடத்தில் பூசாமல் மறைக்கச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பெட்டியைத் தொட்டாலே இரையும்.

சோதனைக்கு ஊசிமுனைகள் கொண்ட ஒரு பலகை செய்துகொள்ளுங்கள். போர்டை அதன் மேல் அமுக்கினால் மின்சப்ளை வோல்ட்டுகளை அளந்து, மென்பொருளையும் ஏற்றிவிட வேண்டும். ஒரு போர்டுக்குக் கையால் 40 நிமிடம் என்றால் நூறுக்குச் சுமார் 67 மணி நேரம். பலகை இருந்தால் ஒரே நாளில் முடியும். பூட்டிய கருவியை 24 மணி நேரம் ஓடவிட்ட பிறகே பெட்டியில் போடுங்கள். விலை வைக்கும்போது பாகங்களின் செலவைப்போல் மூன்று மடங்காவது வையுங்கள். கடைகள் மூலம் விற்றால் நான்கு. பாகச் செலவோடு கொஞ்சம் லாபம் சேர்த்து விலை வைப்பவருக்கு, முதல் சர்வீஸ் கருவி திரும்பி வரும் நாளிலேயே கையைக் கடிக்கும்.

கேள்வி: ஒரு சிப் நின்றால் கருவியே நின்றுவிடுமா?

பதில்: நின்றிருக்கிறது. ரோலண்டின் டிஆர்-808 தாள இயந்திரத்தில், தரச் சோதனையில் கழித்துப்போட்ட டிரான்சிஸ்டர்களை வேண்டுமென்றே வாங்கிப் போட்டதாக நிறுவனர் இகுட்டாரோ காகேஹாஷி சொல்லியிருக்கிறார். அந்தக் குறையின் இரைச்சல்தான் அவருக்கு வேண்டிய ஒலி. உற்பத்தி முறை மேம்பட்டதும் கழிவு டிரான்சிஸ்டர் கிடைக்கவில்லை. கருவியும் 1983-ல் நின்றது. 2020 அக்டோபரில் ஜப்பானின் நோபியோகாவில் இருந்த ஏகேஎம் சிப் ஆலையில் தீப்பிடித்து மூன்று நாள் எரிந்தது. எண்களை ஒலிக்கான மின்னலையாக மாற்றும் டிஜிட்டல்-அனலாக் சிப்களில் அந்த ஆலைக்குப் பெரிய பங்கு. பல கம்பெனிகள் போர்டை வேறு சிப்புக்கு ஏற்ப மாற்றி வரைய நேர்ந்தது.

மறுபக்கமும் உண்டு. ப்ரொஃபெட்-5-ன் பிந்தைய பதிப்பில் இருந்த சிஇஎம் 3340 ஆஸிலேட்டர் சிப் நெடுங்காலம் கிடைக்காமல் இருந்து, 2016-ல் திரும்பத் தயாரானது. ரிகாவில் உள்ள ஆல்ஃபா கம்பெனி அதன் மாற்றாக ஏஎஸ் 3340-ஐச் செய்கிறது, கூல்ஆடியோ வி3340-ஐச் செய்கிறது. கால்களின் வரிசை ஒன்றுதான் என்பதால் அதே சாக்கெட்டில் சொருகலாம். புதிய போர்டில் பயன்படுத்துவதானால் மைனஸ் 15 வோல்ட்டை நேரடியாகக் கொடுக்காதீர்கள். 900 ஓம் அளவில் ஒரு ரெசிஸ்டர் தொடரில் வேண்டும். சிப்பை மாற்றியதும் சுருதி பழைய இடத்தில் நிற்காது. கருவியை அரைமணி நேரம் சூடேறவிட்டு, ஸ்தாயி டிரிம்மரை மறுபடி மேலும் கீழுமாகச் சேர்க்க வேண்டும்.